70 கிலோ வீரர்களின் 28 ஆண்டுகள்

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நுழைந்த லைட்வெயிட் துடுப்புப் படகுப் போட்டி, 2024 பாரிஸோடு விடைபெற்றது. ஆண்களில் எவரும் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது, படகு வீரர்களின் சராசரி 70 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. பெண்களுக்கு 59, 57. நெடிய, கனத்த உடல்வாகு இல்லாத நாட்டினருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் இது பலம் குறைந்தவர்களுக்குக் காட்டிய சலுகை என்ற பேச்சு ஓயவே இல்லை. அந்தப் பேச்சு தவறு என்பதற்குக் கடிகாரமே சாட்சி.

தரையில், ரோயிங் மெஷினில் 2000 மீட்டரை ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டன்க்லி-ஸ்மித் 2018இல் 5 நிமிடம் 35.8 வினாடியில் முடித்தார். லைட்வெயிட் வீரரான டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்டெஃபன்சனின் சாதனை 5 நிமிடம் 56.7 வினாடி. ஏறத்தாழ 21 வினாடி இடைவெளி. தண்ணீரில் கதை வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கின் எடை வரம்பில்லாத இருவர் படகு இறுதியில் பிரான்ஸ் 6 நிமிடம் 0.33 வினாடியில் தங்கம் வென்றது. லைட்வெயிட் இறுதியில் அயர்லாந்து எடுத்துக்கொண்டது 6 நிமிடம் 6.43 வினாடி. நாள் வேறு, காற்று வேறு என்று ஆட்சேபிக்கலாம். சிறந்த நேரங்களையே ஒப்பிடுவோம்: குரோஷியாவின் சின்கோவிச் சகோதரர்கள் 2014இல் 5 நிமிடம் 59.72, அயர்லாந்து அதே டோக்கியோவின் அரையிறுதியில் 6 நிமிடம் 5.33. இங்கும் ஏறத்தாழ ஆறு வினாடிதான். மெஷினில் உட்கார்ந்தவரின் எடையை யாரும் சுமப்பதில்லை. தண்ணீரிலோ கனத்த உடல் படகை ஆழமாக அமிழ்த்துகிறது. நனையும் பரப்பு கூடக் கூட நீரின் தடையும் கூடுகிறது. ஆய்வாளர் தாமஸ் மக்மஹோன் 1971இல் கணக்கிட்டபடி, ஒருவர் படகைவிட எட்டுப் பேர் படகு ஓடும் வேகம் கால் பங்குதான் அதிகம். எட்டு மடங்கு தசை தந்த லாபத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் பிடுங்கிக்கொள்கிறது.

எஞ்சியதில் நுட்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இருவர் படகின் குறைந்தபட்ச எடை 27 கிலோ, அதில் சறுக்கு இருக்கையில் முன்னும் பின்னும் போய்வரும் உடல்களோ 140 கிலோ. ஒவ்வொரு வீச்சிலும் படகின் வேகம் ஏறி இறங்குகிறது. தடை வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால் இந்த ஏற்ற இறக்கம் வீண் செலவு. 1981 உலகப் போட்டியில் துடுப்பு வீரர் பீட்டர்-மைக்கேல் கோல்பே, இருக்கை அசையாமல் துடுப்புத் தாங்கி நகரும் படகில் வென்றார். அந்த அமைப்பு விரைவில் தடை செய்யப்பட்டது. அதன்பின் படகின் சீரான ஓட்டத்தை வீரரின் உடலேதான் தர வேண்டியிருக்கிறது.

நுட்பம் கனத்தவர்களுக்கும் வருமே, பிறகு தனிப் பிரிவு எதற்கு என்று கேட்பார்கள். அவர்களுக்கும் வரும் என்பதால்தான் அந்தப் பிரிவு தேவைப்பட்டது. டோக்கியோவில் பிரான்ஸ் நெதர்லாந்தை முந்தியது 0.20 வினாடியில். அந்தப் பந்தயத்தில் ஆறு வினாடி என்பது 33 மீட்டர். எந்த நுட்பமும் அதை ஈடுகட்டாது. எடை பார்க்கும் நேரத்துக்காக உடல் நீரை வற்ற வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையானது, கவலைக்குரியது. ஆனால் அதற்கு மருந்து கண்டிப்பான விதிகள், பிரிவையே ஒழிப்பதல்ல. டோக்கியோவில் 11ஆம் இடம் பெற்று, 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் ஜோடி இந்தப் பிரிவில் வளர்ந்தவர்களே. 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்தில் வருவது, மணலில் ஓடிப் படகேறும் கடற்கரைப் பந்தயம். அதில் எடை வரம்பே இல்லை.