கிருஷ்ணகிரிக் காட்டுச் சிறுத்தைகள்

முலுண்டிலும் பாண்டூப்பிலும் பவாயிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "உங்க ஏரியாவுல புலி வந்துச்சாமே?" வந்தது புலி அல்ல, சிறுத்தை. இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மராட்டியில் புலிக்கு வாக் என்றும் சிறுத்தைக்கு பிபட்யா என்றும் பெயர். ஆனால் காட்டோரத்து வார்லி மக்கள் பேச்சு வழக்கில் இரண்டையும் வாக் என்றே சொல்லிவிடுவார்கள். நாமும் அப்படித்தானே, வரி இருந்தாலும் புள்ளி இருந்தாலும் புலி என்றுதானே சொல்கிறோம்! மும்பைக் காட்டில் புலி மறைந்து பல தலைமுறை ஆயிற்று. நிலைத்து நிற்பது சிறுத்தைதான்.

அந்தக் காடுதான் இன்றைய சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். நடுவே கன்னேரிக் குகைகள். இவற்றைச் சமணக் குகைகள் என்று எண்ணி வருகிற நம் பக்கத்து யாத்ரீகர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை பௌத்தத் துறவிகள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தங்கிய இடம். கன்னேரி என்ற பெயர் கிருஷ்ணகிரி என்பதன் திரிபு. கருங்குன்றம் என்று பொருள். நம் தமிழ்நாட்டிலும் ஒரு கிருஷ்ணகிரி உண்டு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே போவோம்.

இத்தனை பெரிய நகரத்துக்குள் காடு எப்படித் தப்பியது? தண்ணீரால்தான். பம்பாயின் தாகம் தீர்க்க ஆங்கிலேயர் விஹார் ஏரியை 1860-இலும் துளசி ஏரியை 1879-இலும் கட்டி முடித்தார்கள். ஏரிக்கு நீர் வரும் சரிவுகளில் குடியேற்றம் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். சிறுத்தைக்காக யாரும் செய்ததல்ல. குழாய்த் தண்ணீருக்காகச் செய்தது அதற்கும் உதவியது. விஹாரிலிருந்து வழியும் நீர்தான் மீட்டி ஆறாகி, தாராவி ஓரமாக மாஹிம் கழிமுகத்தில் சேருகிறது. 2005 ஜூலை 26 வெள்ளத்தை மறக்காத தாராவித் தமிழர்களுக்கு அந்த ஆற்றை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதன் தலைமாட்டில் சிறுத்தை வாழ்கிறது என்பதுதான் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

நகரம் வடக்கே வளர வளர, காட்டின் விளிம்பில் ஒருபுறம் அடுக்குமாடிகள், மறுபுறம் குடிசைகள். 1997-இல் உயர்நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. அடுக்குமாடிகள் நின்றன. அதுபற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும்.

பிறகு வந்தது 2004. அந்த ஜூன் மாதத்தில் மட்டும் சுமார் பத்துப் பேர் சிறுத்தைக்கு இரையானார்கள். பெரும்பாலும் ஏழைகள், குழந்தைகள். கழிப்பறை இல்லாமல் இருட்டில் ஒதுங்கப் போனவர்கள் அவர்களில் உண்டு. குந்தி உட்கார்ந்த மனிதன் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறு விலங்காகத் தெரிகிறான் என்கிறார்கள். கூண்டு வைத்துப் பிடி, தூரக் கொண்டுபோய் விடு என்பதே அன்றைய கூக்குரல். ஆனால் அந்த வைத்தியமே நோயை வளர்த்தது என்று ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயா காட்டினார். புனே மாவட்டத்து ஜுன்னரில் 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றினார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல், பின்பு 17 ஆக உயர்ந்ததாம். வியாபாரியான எனக்கு இது சட்டென்று விளங்கியது. விலாசம் தவறி அனுப்பிய சரக்கு அங்கேயே கிடக்காது. திரும்பி வரும், வழியில் நஷ்டமும் வைக்கும். பழகிய இடம் இழந்த விலங்கு புது இடத்தில் திகைத்து அலையும். அது காலி செய்த இடத்துக்கும் வேறொன்று வந்துவிடும்.

இதற்கு உயிருள்ள சாட்சி ஒன்று கிடைத்தது. 2009-இல் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்த கிழட்டு ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்துப்பட்டையில் கருவி பொருத்தி, மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். ஆஜோபா, அதாவது தாத்தா என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தாத்தா ஒரு மாதத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டர் நடந்து, கசாரா ரயில் நிலையத்தை ஒட்டிக் கடந்து, நெடுஞ்சாலை தாண்டி, மும்பையின் வடக்கு வாசலான வசாய்ப் பக்கம் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு மனிதரைக்கூடத் தொடவில்லை. பிழைப்புக்காக மும்பைக்கு வந்த நம் பெரியவர்கள் ஞாபகம் வரவில்லையா? 2011 டிசம்பரில் அகமதாபாத் நெடுஞ்சாலையில் ஏதோ வண்டி மோதிச் செத்தது. 2014-இல் அதன் பெயரிலேயே மராட்டியில் திரைப்படம் வந்தது.

2011 முதல் வனத்துறையும் ஆய்வாளர்களும் பொதுமக்களும் சேர்ந்து குப்பை, விளக்கு, கழிப்பறை என்று பேச ஆரம்பித்தார்கள். குப்பை இருந்தால் நாய் பெருகும், நாய் பெருகினால் சிறுத்தை வரும். கணக்கு இவ்வளவுதான். இந்தச் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்கின்றன என்றும், அதனால் நாய்க்கடியும் குறைகிறது என்றும் 2018-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. 2015 கணக்கெடுப்பில் 35 சிறுத்தைகள், 2018-இல் 47, 2024-இல் வெளியானதில் 54. ஆயினும் 2022 தீபாவளியன்று ஆரே காலனியில் ஒன்றரை வயது நிறையாத பெண்குழந்தை ஒன்று பலியானது. அந்தத் தாயிடம் போய் நாய்க்கடிக் கணக்கைச் சொல்ல எனக்கு நா எழாது.

வார்லிகள் வாகோபா என்ற தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். விட்டோபா, கண்டோபா என்பதுபோல மரியாதை விகுதி சேர்த்த பெயர். கல்லிலோ மரத்திலோ புலியுருவம். மேலே சூரிய சந்திரர். தீபாவளிக்கு முன்வரும் வாக் பாரஸ் நாளில் பூசை. "எங்களையும் மாடுகளையும் விட்டுவிடு" என்பதுதான் வேண்டுதல்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் கொங்கு நாட்டிலும் இருப்பவை புலிகுத்திக்கற்கள். மாடு காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு ஊரார் எடுத்த நடுகல். பாயும் புலி ஒரு பக்கம், ஈட்டியோ வாளோ பாய்ச்சும் வீரன் மறுபக்கம். அங்கே கும்பிடப்படுபவன் வீரன், இங்கே விலங்கு. ஆனாலும் கொங்குச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கும்போது, வீரனுக்கு இட்ட மஞ்சளும் குங்குமமும் அதே கல்லில் இருக்கிற புலிக்கும் சேர்ந்தே விழுகிறது.