புழுங்கல் அரிசி சொல்லும் வரலாறு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் உணவுப் பழக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், அவரவர் வீட்டில் எந்த அரிசியைச் சமைக்கிறார்கள் என்று வினவினேன். ஒரு மாணவன் எழுந்து, "புழுங்கல் அரிசி, ஐயா" என்றான். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. "கூலி அரிசி" என்று ஒரு குரலும் கேட்டது. விடை சொன்ன சிறுவன் தலைகுனிந்து அமர்ந்தான்.

அச்சொல் எனக்குப் புதியதன்று. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது என் தந்தையாரும் அதையே சொன்னார்: "இனி நமக்குக் கூலி அரிசி வேண்டாம்." அன்று முதல் எங்கள் வீட்டில் பூப்போன்ற வெள்ளைச் சோறுதான். பாட்டி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே உண்டார். அவர் முணுமுணுப்பில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருந்ததை நான் ஆசிரியரான பிறகே படித்தறிந்தேன்.

மலாயாவை வாட்டிய நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். ஆனால் அதே மண்ணில் உழைத்த தமிழர்களிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராய் இருந்த லெனார்ட் பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர்கள் உண்டது இயந்திர ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் உண்டது வீட்டில் குத்திய அரிசி. நோயின் வேர் அரிசியில் இருக்கிறது என்று 1907இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். ஆயினும், தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்றே அவர் கருதினார்.

இரண்டு சோதனைகள்

வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை எண் வரிசைப்படி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். இடத்தால் நோய் வருகிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, இடையில் இரு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றினார். வெள்ளை அரிசி உண்டோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெரிபெரி கண்டது, பலர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரில் எவருக்கும் அந்நோய் அங்கே புதிதாக வரவில்லை.

அடுத்து, 1900இல் நிறுவப்பெற்ற கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்தனர். வெள்ளை அரிசி உண்ட குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் குழு மாறியது. நோய்க்குக் காரணம் நஞ்சன்று, தீட்டும்போது நீங்கிவிடும் தவிட்டிலுள்ள ஒரு சத்து இல்லாமையே என்பதை அவர்களின் ஆய்வு தெளிவாக்கியது. ஜாவாவில் கோழிகளை வைத்து ஐக்மன் முன்னரே நடத்திய ஆய்வுகளும் இத்திசையையே காட்டியிருந்தன. அப்பணிக்காக அவர் 1929இல் நோபல் பரிசு பெற்றார். அச்சத்தை இன்று தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம்.

பாட்டியின் அடுப்படி அறிவியல்

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவது நம் முன்னோர் வழக்கம். அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், நம் மக்கள் அறியாமலேயே தம் உயிரைக் காத்துக்கொண்ட முறை இது. இழிவாகக் கருதப்பட்ட அரிசி, உயிர் காத்த அரிசி.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று காய்கறி, பருப்பு, மீன் என்று பலவும் உண்பதால் வெள்ளைச் சோறு உண்போருக்குப் பெரிபெரி வந்துவிடாது. புழுங்கல் அரிசி எல்லா நோய்க்கும் மருந்துமன்று. அதையும் அளவின்றி உண்டால் கேடுதான். நம் இன்றைய இடர் வேறு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டில் பெரியவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. அவ்விகிதம் இந்தியரிடையே மிகுதி என்றும் காட்டியது. அன்று சத்துக் குறைவு கொன்றது. இன்று மிகை நம்மை வாட்டுகிறது. இரண்டுக்கும் விடை தட்டில்தான் தொடங்குகிறது.

ஒரு வாரம், ஐந்து சிறு பணிகள்

ஆகவே என் மாணவர்களுக்கு ஒரு வாரச் சவால் கொடுத்தேன்:

1. வாரத்தில் இரு நாளேனும் புழுங்கல் அரிசி அல்லது தீட்டாத அரிசி உண்பது.
2. அரிசியைப் பலமுறை களையாதிருப்பது. தயமின் நீரில் கரைந்து ஓடிவிடும். களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவது.
3. சோற்றின் அளவைக் குறைத்து, அவ்விடத்தில் கீரையும் காயும் வைப்பது.
4. சிற்றுண்டிச்சாலையில் இனிப்பு நீரைத் தவிர்த்து வெறும் நீர் அருந்துவது.
5. நெகிழிப் பொட்டலத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவருவது. தட்டில் மிச்சம் வைக்காதிருப்பது.

ஐந்தாவது பணிக்காக ஒரு மாணவி தன் பாட்டியின் தூக்குச்சட்டியையே கொண்டுவந்தாள். பால்மரம் வெட்டப் போனபோது பாட்டி சோறு எடுத்துச் சென்ற சட்டியாம். வகுப்பே அதைச் சூழ்ந்து பார்த்தது. அனைவரும் எல்லாப் பணியையும் முடிக்கவில்லை. இனிப்பு நீரை விடுவது பலருக்குக் கடினமாயிருந்தது. எனக்கும் மூன்றாவது பணி எளிதாயில்லை.

வார இறுதியில் மேற்கண்ட வரலாற்றை வகுப்பில் எடுத்துரைத்தேன். கேட்டு முடித்ததும், அன்று தலைகுனிந்த சிறுவன் கையுயர்த்தி வினவினான்: "அப்படியென்றால் எங்கள் பாட்டி சரியாகத்தான் செய்தாரா, ஐயா?"

"ஆம்" என்றேன். என் பாட்டிக்கும் சேர்த்தே அவ்விடையைச் சொன்னேன்.

உங்கள் வீட்டு அடுப்படியிலும் இவ்வாரம் ஒரு சிறு பணியைத் தொடங்கிப் பாருங்கள். அப்படியே, வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் அக்காலத்தில் என்ன உண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் வரலாற்றுப் பாடமே.