மேற்கோள் முதல் துணைநூற்பட்டியல் வரை: தமிழில் சான்று காட்டும் முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்
ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர் மேற்கோள் குறிப்பையும் துணைநூற்பட்டியலையும் மேலைநாட்டு நடைமுறைக் கையேடுகளின்படி அமைக்கின்றனர். தமிழிலோ சான்று காட்டுவதற்கு நெடிய மரபு உண்டு. உரையாசிரியர் காலம் முதல் அச்சுப் பதிப்புக் காலம் வரை அம்மரபு அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயர், ஆண்டு, பதிப்பு ஆகிய மூன்றிலும் தமிழ் நூல்களுக்குரிய தனித்தேவைகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள், துணைநூற்பட்டியல், உரை மரபு, பதிப்பு வரலாறு, நூலட்டவணை

முன்னுரை
மேற்கோள் காட்டுதல் மேலைக் கல்வியோடு தமிழுக்கு வந்த புதுவழக்கு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உரை இலக்கணம் கூறும் நன்னூல், உரையின் உறுப்புகள் பதினான்கனுள் ஒன்றாக 'ஆசிரிய வசனம்' என்பதைச் சேர்த்துள்ளது. முன்னோர் கூற்றைச் சான்றாக நிறுத்துவது உரைகாரரின் விருப்பம் அன்று, கடமை என்பது இதனால் விளங்கும். ஆயினும், சான்று காட்டுவதும் அச்சான்று இருக்குமிடத்தைக் காட்டுவதும் வேறு வேறு செயல்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்ததே தமிழ் மேற்கோள் முறையின் வரலாறு எனலாம்.

உரையாசிரியர் மரபு
உரையாசிரியர்கள் மேற்கோட் செய்யுளைத் தந்து, 'என்றார் பிறரும்' என்றோ 'என்ப' என்றோ முடிப்பது பெருவழக்கு. நூற்பெயர் சுட்டும் இடங்களும் உண்டு. ஆனால் அது எங்கும் பின்பற்றப்பட்ட நெறி அன்று. செய்யுள்களை மனப்பாடமாகக் கொண்ட மாணாக்கர்க்கு முதற்சொல்லே போதுமான குறிப்பாக இருந்தது. பாடங்கேட்கும் மரபு தளர்ந்தபோது அக்குறிப்பைப் படித்தறிவார் குறைந்தனர்.

இதன் விளைவை உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணிப் பதிப்புப் பணியில் நேரடியாக எதிர்கொண்டார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் பல எந்நூலைச் சார்ந்தவை எனத் தெரியவில்லை. சங்க நூல்களின் ஏடுகளைப் படித்த பின்னரே அவற்றுட் பலவற்றின் மூலம் புலப்பட்டது. இடஞ்சுட்டாத மேற்கோள் ஒரு தலைமுறையின் உழைப்பை எந்த அளவுக்குக் கோரும் என்பதற்கு இது தக்க சான்று.

மறுபுறம், மேற்கோளால் மட்டுமே உயிர்தப்பிய நூல்களும் உள்ளன. தகடூர் யாத்திரையின் சில பாடல்கள் உரை மேற்கோள்கள் வழியாகவும் புறத்திரட்டு வழியாகவுமே கிடைக்கின்றன. முத்தொள்ளாயிரத்துள் இன்று கிடைக்கும் நூற்றுக்குச் சற்று மிகுதியான பாடல்களுட் பெரும்பாலானவை புறத்திரட்டில் இடம்பெற்றவையே. புறத்திரட்டைத் தொகுத்தவர் மூலநூற் பெயரைக் குறித்து வைத்தமையால்தான் அப்பாடல்களை இன்ன நூலுக்குரியவை எனக் கூற முடிகிறது. அக்குறிப்பு இல்லாதிருந்தால் பாடல்கள் எஞ்சியிருக்கும்; நூலின் பெயர் அவற்றை விட்டு நீங்கியிருக்கும்.

அச்சும் அட்டவணையும்
19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகியபோது நூலைப் பற்றிய விவரங்களை ஒழுங்குபடுத்தும் தேவை எழுந்தது. ஜான் மர்டாக் தமிழ் அச்சு நூல்களின் பொருள்வாரி அட்டவணையை 1865இல் வெளியிட்டார். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம் நூற்பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், வெளியிட்டவர், வெளியான நாள், பக்க அளவு, பதிப்பு எண், படிகளின் எண்ணிக்கை, விலை முதலியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என விதித்தது. ஆட்சியாளரின் கண்காணிப்புக்கு உதவிய இப்பதிவேடுகள், இன்று பதிப்பு வரலாற்று ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகளாகப் பயன்படுகின்றன.

இதே காலத்தில் பதிப்பாசிரியர்கள் நூலுக்குள்ளேயே சான்று காட்டும் முறையை வளர்த்தனர். சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாட வேறுபாடு, ஒப்புமைப் பகுதி, அரும்பத அகராதி ஆகியவற்றை இணைத்தார். 1937இல் வெளிவந்த குறுந்தொகைப் பதிப்பில் இம்முறை முதிர்ந்த நிலையில் காணப்படுகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சொற்பொருளுக்குரிய ஆட்சியை நூற்பெயர்ச் சுருக்கத்துடனும் பாடல் எண்ணுடனும் தந்தது. 'குறுந்.', 'சிலப்.' போன்ற சுருக்கங்கள் ஆய்வுலகின் பொதுவழக்காக நிலைபெற இப்பணிகள் பெரிதும் துணைநின்றன.

பெயர்ச் சிக்கல்
மேலைநாட்டில் சிகாகோ நடைமுறைக் கையேடு 1906இலும், அமெரிக்க உளவியலாளர் கழகத்தின் முதல் நெறிமுறை 1929இலும், நவீன மொழிக் கழகத்தின் நடைத்தாள் 1951இலும் வெளிவந்தன. இவற்றின் பட்டியல் முறை குடும்பப் பெயரை முன்னிறுத்துவது. தமிழ்ப் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் தலைப்பெழுத்துகளாக முன்னிற்க, இயற்பெயர் இறுதியில் வரும். குடும்பப் பெயர் விதியை இதன்மேல் அப்படியே பொருத்தினால் சாமிநாதையர் 'ஐயர்' என்பதன் கீழும், தாமோதரம்பிள்ளை 'பிள்ளை' என்பதன் கீழும் சென்று சேர்வர். ஆசிரியரின் பெயர் மறைந்து சாதிப்பெயர் தலைச்சொல்லாகிவிடும். வேறு வேறு அறிஞர்கள் ஒரே 'பிள்ளை'யின் கீழ்க் குவிவதால் தேடுவோர்க்கும் இடர்ப்பாடே.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதனின் பெயரே இதற்கு எடுத்துக்காட்டு. சீகாழி என்னும் ஊர்ப்பெயர், தந்தை பெயர், இயற்பெயர் என மூன்றும் அதில் அடங்கியுள்ளன. 1934இல் பகுப்பு நூலட்டவணை விதித்தொகுப்பை வெளியிட்ட அவருடைய மரபில், இயற்பெயர் முன்னும் தலைப்பெழுத்துகள் அடைப்புக்குறிக்குள் பின்னும் எழுதப்படுகின்றன. ஆசிரியர் எப்பெயரால் அறியப்படுகிறாரோ அப்பெயரே தலைச்சொல்லாக அமைதல் வேண்டும் என்பதே இதன் பயன். மயிலை சீனி. வேங்கடசாமியை 'வேங்கடசாமி' என்பதன் கீழ்த் தேடுவதற்கு இம்முறை வழிசெய்கிறது.

ஆண்டும் பதிப்பும்
பழைய தமிழ் அச்சு நூல்கள் பலவற்றின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் காணப்படும். 'சர்வசித்து' என்பது 1827, 1887, 1947 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று ஆண்டுகளையும் குறிக்கக்கூடும். 1887இல் தொடங்கிய சர்வசித்து ஆண்டின் தை மாதமோ 1888இல் வருவது. ஆகவே கிறித்துவ ஆண்டை மட்டும் எழுதி மூல ஆண்டுப் பெயரையும் மாதத்தையும் விடுத்தால், கணக்கீட்டில் நேரும் பிழையைப் பின்வருவோர் கண்டறிய இயலாது. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சிடப்பட்ட நூல்களில் 31 ஆண்டுகளைக் கழித்துக் கொள்ள வேண்டும். அங்கும் மூல எண்ணைத் தருவதே பாதுகாப்பு.

பதிப்பு விவரமும் இத்தகையதே. தொல்காப்பிய நூற்பாக்களின் எண்ணிக்கை உரைக்கு உரை வேறுபடுகிறது. ஓர் உரையாசிரியர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரிப்பதே காரணம். திருக்குறளிலும் அதிகாரத்துள் குறள்களின் வரிசை மணக்குடவர் உரையிலும் பரிமேலழகர் உரையிலும் பல இடங்களில் மாறுபடும். எனவே 'தொல்காப்பியம், சொல்லதிகாரம்' என்று எழுதி ஓர் எண்ணை இடுவது முழுமையான மேற்கோள் ஆகாது. உரையாசிரியர், பதிப்பாசிரியர், பதிப்பாண்டு ஆகியன இருந்தால்தான் அந்த எண் பொருள் பெறும்.

முடிவுரை
மேற்கோள் வடிவம் கட்டுரைக்குப் பின்னர் பூட்டும் அணி அன்று. படிப்பவர் சான்றிடம் தாமே சென்று சோதித்துப் பார்ப்பதற்கான வழி. அவ்வழியைத் தமிழ் நூல்களுக்கு ஏற்ப அமைக்க நான்கு நெறிகள் போதுமானவை: ஆசிரியரை இயற்பெயரால் அகரவரிசைப்படுத்தித் தலைப்பெழுத்துகளைக் காத்தல், மூல ஆண்டுக் குறிப்பையும் இணையான கிறித்துவ ஆண்டையும் சேர்த்துத் தருதல், செவ்விலக்கியங்களுக்கு உரையையும் பதிப்பையும் சுட்டுதல், பாடல் எண்ணோடு பக்க எண்ணையும் குறித்தல். எந்தக் கையேட்டைப் பின்பற்றும் இதழும் இவற்றைத் தன் விதிகளுடன் இணைத்துக்கொள்ள இயலும். 'என்றார் பிறரும்' என்னும் தொடர் விட்டுச்சென்ற தேடலை அடுத்த தலைமுறைக்கு மீண்டும் விட்டுச்செல்லாதிருக்க அது உதவும்.