உரையாடலால் வளர்ந்த அறிவியற் கல்வி

அறிஞர்க்கென எழுதப்பெறும் அரிய நூற்பொருளை ஏனையோரும் பயில வழி யாது என்னும் வினா பழமையானது. அதற்கு மேலைநாட்டார் கண்ட விடைகளுள் ஒன்று உரையாடல். இத்தாலிய அறிஞர் கலிலியோ, உலக அமைப்புகள் இரண்டனைப் பற்றி 1632ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலை மூவர் உரையாடலாகவே அமைத்தார். அதனை இலத்தீனில் எழுதாது, நாட்டு மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார்.

இம்முறை ஈந்த பயனுக்கு இலண்டன் மாநகரிற் சிறந்ததொரு சான்று உண்டு. ஜேன் மார்செட் அம்மையார், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய வேதியியற் சொற்பொழிவுகளைக் கேட்டார். விரைந்து சென்ற அவ்வுரைகள் முதலில் அவர்க்கு விளங்கவில்லை. நண்பர் ஒருவருடன் உரையாடியும், சோதனைகளைத் திரும்பச் செய்தும் பார்த்த பின்னரே தெளிவு பிறந்தது. தாம் தெளிந்த வழியிற் பிறரும் தெளிக எனக் கருதி, 'வேதியியல் உரையாடல்கள்' என்னும் நூலை இயற்றினார். அதில் ஆசிரியை ஒருவர் கற்பிக்க, துடுக்குடன் வினவும் கரோலின், அமைந்து ஆராயும் எமிலி என்னும் மாணவியர் இருவர் கற்கின்றனர். 1806ஆம் ஆண்டு பொறித்த முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை.

அந்நூல் புத்தகங் கட்டும் கடையொன்றிற் பயிற்சியாளாக இருந்த மைக்கேல் பாரடேயின் கைக்கு வந்தது. அவர் கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆயினும், படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மால் இயன்ற சிறு சோதனைகளால் நூற்செய்திகளை ஒத்துப்பார்த்து, உண்மையெனக் கண்ட பின்னரே நூலை நம்பியதாக 1858ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவரே குறித்துள்ளார். 1813இல் டேவியின் உதவியாளரான அவர், 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார்.

அவ்வுரையாடல் முறை இன்று இயந்திரக் குரலில் மீண்டும் தோன்றியுள்ளது. கூகுள் நிறுவனம் 2023இல் அறிமுகப்படுத்திய நோட்புக் எல்.எம். என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில், 2024 செப்டம்பரில் ஒலி உரையாடலும் சேர்ந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையை அதனிடம் அளித்தால், இருவர் பேசும் பாட்காஸ்ட் ஒன்று சில நிமிடங்களில் உருவாகிவிடும். 2025 ஏப்ரலில் அவ்வசதி தமிழ் உள்ளிட்ட 50க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. ஆங்கிலக் கட்டுரைகளை அணுகத் தயங்குவோர்க்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

எனினும், இரண்டற்கும் வேற்றுமை உண்டு. மார்செட் அம்மையார் தாம் சோதித்து அறிந்ததை எழுதினார். பதிப்புதோறும் நூலைத் திருத்தினார். இங்கோ வினவுவதும் விடை கூறுவதும் ஒரே இயந்திரம். அது கட்டுரையில் இல்லாததைச் சேர்த்தலும் உண்டு. ஆய்வாளர் இட்ட வரையறைகளை விடுத்தலும் உண்டு. அட்டவணையும் வரைபடமும் செவிக்கு எட்டா.

ஆதலின், கேட்டு முடித்த மாணவர் மூலக் கட்டுரையைத் திறந்து, எண்களையும் ஆய்வு முறையையும் முடிவின் எல்லையையும் ஒத்துப்பார்த்தல் வேண்டும். பாரடேயை உயர்த்தியது உரையாடல் நூல் மட்டுமன்று, அதனைச் சோதித்த அவரது பழக்கமுமே என்பதை ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் எடுத்துரைத்தல் நலம்.