பேருந்தை நிறுத்திய கவுண்டி

பொருளாதார மந்தம் என்றதும் வங்கி, பங்குச் சந்தை, வேலைநீக்கம் எல்லாம் நினைவுக்கு வரும். பேருந்து யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் 2008இல் முற்றிய மந்தத்தின்போது அமெரிக்காவில் ஒரு பகுதி தன் பேருந்துகள் அத்தனையையும் நிறுத்திவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குத் தெற்கே இருப்பது கிளேட்டன் கவுண்டி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் சொந்த வரி வருமானமும் உண்டு. அட்லாண்டாவின் பெரிய விமான நிலையத்தில் பெரும்பகுதி இந்தக் கவுண்டிக்குள்தான் வருகிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அட்லாண்டா வட்டாரத்துக்கு ரயிலும் பேருந்தும் நடத்த 'மார்ட்டா' என்ற அமைப்பு உருவானது. 1971இல் அதற்காக ஒரு சதவீத விற்பனை வரி கொடுக்கச் சம்மதமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஃபுல்ட்டன், டெகால்ப் கவுண்டிகள் சரி என்றன. கிளேட்டனும் குவின்னெட்டும் மறுத்துவிட்டன. வரி மீதுள்ள வெறுப்பு மட்டும் காரணமல்ல. நகரத்துக் கறுப்பின மக்கள் தங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற வெள்ளையர்களின் அச்சமும் அதில் கலந்திருந்தது.

முப்பது ஆண்டுகளில் கிளேட்டனே மாறிவிட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மை ஆனார்கள். கார் வாங்க முடியாத குடும்பங்கள் பெருகின. கடைசியில் 2001இல் 'சி-ட்ரான்' என்ற பெயரில் கவுண்டியே பேருந்து விட ஆரம்பித்தது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பயணங்கள்! ஆனால் மார்ட்டாவுக்கு இருந்ததைப் போல இதற்கென்று தனி வரி கிடையாது. கட்டணமும் மானியமும் போக மீதிச் செலவைக் கவுண்டியின் பொதுப் பணத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

பிறகு மந்தம் வந்தது. பெட்ரோல் விலை ஏறியதால் 2008இல் அமெரிக்கா முழுவதும் பொதுப் போக்குவரத்தில் 1,070 கோடி பயணங்கள் நடந்தன. 1956க்குப் பிறகு அவ்வளவு கூட்டம் இருந்ததில்லை. அதே நேரம் கடைகளில் வியாபாரம் படுத்தது, வீட்டு விலை சரிந்தது. கிளேட்டனில் கடன் கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். விற்பனை வரி, சொத்து வரி இரண்டும் குறைந்தன. பேருந்து மிக அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் பேருந்துக்கான பணம் வற்றிப்போனது.

மத்திய அரசு உதவவில்லையா? உதவியது. 2009இல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் மூலம் போக்குவரத்துக்கு 840 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் அது பெரும்பாலும் புதுப் பேருந்து வாங்கவும் நிலையம் கட்டவும் கொடுத்த பணம். டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் அதைத் தொட முடியாது. பிறகு ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்து, பத்து சதவீதம் வரை ஓட்டும் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மார்ட்டாவுக்கும் இதே மாதிரி ஒரு விலங்கு இருந்தது. அதன் விற்பனை வரியில் பாதிக்கு மேல் ஓட்டும் செலவுக்கு எடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொன்னது. புது வண்டி வாங்கக் காசு இருக்கும், இருக்கிற வண்டியை ஓட்டக் காசு இருக்காது!

2009இன் பிற்பகுதியில் சி-ட்ரானை மூடுவதென்று கவுண்டிக் குழு முடிவெடுத்தது. 2010 மார்ச் 31 கடைசி நாள். மறுநாளிலிருந்து கிளேட்டனில் உள்ளூர்ப் பேருந்தே இல்லை. விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர், கல்லூரி மாணவர்... இவர்களெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் காரையோ டாக்ஸியையோ தங்கள் கால்களையோ நம்ப வேண்டியதாயிற்று. கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் மிச்சம். அந்தச் செலவு எங்கும் காணாமல் போகவில்லை. கவுண்டியின் தோளிலிருந்து இறங்கி ஏழையின் தோளில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. 2014 நவம்பரில் கிளேட்டன் மக்களிடம் மறுபடி அதே கேள்வி வந்தது: மார்ட்டாவில் சேர ஒரு சதவீத விற்பனை வரி கூடுதலாகக் கட்டுவீர்களா? 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் 'கட்டுகிறோம்' என்றார்கள். 2015 மார்ச்சில் பேருந்துகள் திரும்பி வந்தன. மார்ட்டாவின் அந்தப் பாதிக் கட்டுப்பாட்டையும் அதே ஆண்டில் நிரந்தரமாக நீக்கினார்கள். 2020இல் கொரோனா வந்தபோது மத்திய அரசு போக்குவரத்துக்குக் கொடுத்த 2,500 கோடி டாலரைச் சம்பளத்துக்கும் டீசலுக்கும் செலவழிக்க அனுமதி இருந்தது. பழைய பாடத்தைக் கொஞ்சமாவது படித்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. கிளேட்டன் மக்கள் விரும்பிக் கட்டும் அந்த வரியும் விற்பனை வரிதான். கடையில் கூட்டம் குறைந்தால் அதுவும் குறையும். நல்ல காலத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்து, கெட்ட காலத்தில் அதை எடுத்துப் பேருந்து ஓட்ட வழி செய்யாவிட்டால் அடுத்த மந்தத்திலும் இதே கதைதான்.

அடுத்த முறை யாராவது "பேருந்து நஷ்டத்தில் ஓடுகிறது, நிறுத்திவிடலாம்" என்று சொன்னால், யாருக்கு நஷ்டம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.