காம்ரேட்ஸ் மாரத்தான்: நூறாண்டு கடந்த நெடுந்தொலைவு ஓட்டம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் நகரங்களுக்கு இடையே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவுக்கு நடைபெறும் காம்ரேட்ஸ் மாரத்தான், இன்றும் நடந்துவரும் நெடுந்தொலைவு ஓட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. காந்தி 1893-இல் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஊராகத் தமிழர்கள் அறிந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் இது பிறந்தது.

இதைத் தொடங்கியவர் விக் கிளாப்பம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் கிழக்காப்பிரிக்கக் களத்தில் பணியாற்றித் திரும்பிய அவர், உடன் போரிட்டு மடிந்தவர்களுக்கு உயிரோட்டமுள்ள ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என விரும்பினார். முன்னாள் படைவீரர் சங்கம் 1919-இலும் 1920-இலும் அவரது கோரிக்கையை மறுத்தது. 1921-இல் இசைந்து, செலவுக்கு 1 பவுன் தந்தது. அவ்வாண்டு மே 24 அன்று 34 பேர் ஓடத் தொடங்கினர். 16 பேர்தான் டர்பனை அடைந்தனர். 8 மணி 59 நிமிடத்தில் ஓடி முடித்த பில் ரோவன் முதலிடம் பெற்றார்.

அடுத்த ஆண்டு திசை மாறியது. கடலோர டர்பனில் தொடங்கிய ஓட்டம் மேட்டுநிலம் நோக்கிச் சென்றது. அன்று தொட்டு ஏற்ற ஓட்டமும் இறக்க ஓட்டமும் மாறிமாறி நடப்பது வழக்கமாயிற்று. 1920-களில் 5 முறை வென்ற ஆர்தர் நியூட்டனின் பெயரால், டிரம்மண்ட் அருகே சாலையோரச் சரிவில் உள்ள ஒரு குழிவு 'ஆர்தரின் இருக்கை' எனப்படுகிறது. கடந்து செல்லும் ஓட்டக்காரர்கள் அங்கே பூ வைத்து, அவருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

போட்டி வளர நெடுங்காலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரால் 1941 முதல் 1945 வரை நடக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு ஓட்டக்காரர்களின் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது. காலேஜியன் ஹாரியர்ஸ் என்ற உள்ளூர் ஓட்டச் சங்கத்தின் தன்னார்வலர்களே நீண்ட காலம் பொறுப்பேற்று நடத்தினர்.

பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் முதல் 50 ஆண்டுகளுக்கும் மேலாக இடமில்லை. 1923-இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் பதிவில்லாமலே ஓடி முடித்தார். அவருக்குப் பதக்கம் இல்லை. மக்கள் பணம் திரட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசளித்தனர். 1935-இல் கறுப்பினத்தவரான ராபர்ட் ம்ட்ஷாலி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தும் அது கணக்கில் சேரவில்லை. 1975-இல், 50-ஆவது ஓட்டத்தில், இந்தத் தடைகள் நீங்கின. 1989-இல் சாம் ட்ஷபலாலா முதல் கறுப்பின வெற்றியாளர் ஆனார். 2019-இல் ம்ட்ஷாலியின் பெயரில் ஒரு பதக்கமும் ஏற்படுத்தப்பட்டது. போட்டி தன் அநீதியை மிகத் தாமதமாகவே திருத்திக்கொண்டது. ஆனால் அந்தத் திருத்தமே அதை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது.

ஆண்டுதோறும் மக்கள் திரும்பி வரக் காரணம் அதன் விதிகள். 10 முறை ஓடி முடித்தவருக்குப் பச்சை எண் வழங்கப்படும். பிறகு அந்த எண்ணை வேறு யாரும் அணிய முடியாது. அது வாழ்நாள் முழுவதும் அவருடையது. முடிக்கும் நேர வரம்பு 1928 முதல் 11 மணி நேரமாக இருந்து, 2003 முதல் 12 மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. அந்த நேரம் முடியும் தறுவாயில், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் துப்பாக்கியுடன் நிற்பார். யாருக்கும் இரக்கப்பட்டு ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. வெடி கேட்டதும் எல்லைக்கோடு அடைக்கப்படும். வெற்றியாளரை வரவேற்பது போலவே, அந்தக் கடைசி நிமிடங்களில் வருபவர்களுக்காகவும் அரங்கம் ஆரவாரிக்கும்.

2000-ஆம் ஆண்டு நடந்த 75-ஆவது ஓட்டத்துக்கு ஏறத்தாழ 24,000 பேர் பதிவு செய்தனர். கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் நின்றுபோன போட்டி, 2022-இல் மீண்டும் நடந்தது. முதலில் வருபவரை மட்டும் நம்பி எந்த ஊர்ப் போட்டியும் நூறாண்டு நிலைக்காது. நடுவிலும் கடைசியிலும் ஓடுபவர்களுக்குத் தெளிவான இலக்கும் மதிப்பும் தந்ததே காம்ரேட்ஸ் நிலைத்ததற்கு முதன்மைக் காரணம்.