விருந்தினரா, குடித்தனக்காரரா? குறுகிய காலத் தங்கலும் தமிழ்நாட்டுச் சட்டமும்: செம்பரம்பாக்கத்தை முன்வைத்து

செம்பரம்பாக்கத்துக்கு ஒருபுறம் பூந்தமல்லி, மறுபுறம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டைகள், சுற்றிலும் கல்லூரிகள். ஆலைப் பயிற்சிக்கு வருபவருக்கும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோருக்கும் சில நாள் தங்க இடம் வேண்டும். மாடிப் போர்ஷனை நாள் வாடகைக்கு விடலாமா, விடுவதற்கு என்ன உரிமம் தேவை என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது. இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாததே சிக்கல் என்பது பரவலான கருத்து. சட்டங்கள் போதிய அளவில் உள்ளன, 'தங்கல்' என்பதற்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு எல்லை வகுப்பதே சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வாடகைச் சட்டம். 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம் எழுத்துவழி ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவையும் கோருகிறது. அட்வான்ஸ் கொடுத்துக் குடிவருபவருக்கு அது பொருந்தும். இரண்டு நாள் தங்குபவர் நிலை வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 105-ஆம் பிரிவில் கூறும் குத்தகை, சொத்தில் ஓர் உரிமையையே மாற்றித் தருகிறது. அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் கூறும் உரிமமோ வெறும் அனுமதி. அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர் வழக்கில் (1959) உச்ச நீதிமன்றம் பத்திரத்தின் பெயரைவிடத் தரப்பினரின் உண்மையான நோக்கத்தையே முதன்மையாகக் கொண்டது. தனித்த அனுபோகத்தைக் குத்தகைக்கு முக்கிய அடையாளமாகக் கண்டது. உரிமையாளரே அறையைக் கூட்டி, விரிப்பு மாற்றி, விருந்தினர் வந்துபோவதைக் கட்டுப்படுத்தும் இடத்தில் அத்தகைய அனுபோகம் இல்லை. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் ஓட்டல், தங்கும் விடுதி, தர்மசாலைகளைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. ஆகவே பதினோரு மாத ஒப்பந்தப் படிவத்தில் விருந்தினரிடம் கையொப்பம் வாங்குவதால் அவர் குடித்தனக்காரர் ஆகிவிடுவதில்லை.

அப்படியானால் அவர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார்? 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ். வந்து போவோருக்குக் கட்டணம் பெற்றுப் படுக்க இடம் தரும் எதையும், உணவு உண்டோ இல்லையோ, அது தங்கும் விடுதியாகக் கொள்கிறது. நடத்துபவர் பதிவு செய்யவும் கோருகிறது. அது நாள்களை எண்ணாமல் தங்கலின் தன்மையைப் பார்க்கிறது.

பின்வந்த சட்டங்கள் வேறு அளவுகோல்களைக் கொண்டன. 2014-ஆம் ஆண்டின் மகளிர், குழந்தைகள் விடுதிச் சட்டம் தங்குபவர் யார் என்று பார்த்து ஆட்சியரின் உரிமத்தைக் கோருகிறது. 2024 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி விலக்கு, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத, தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாத தங்கலுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், 1.9.2025 முதல் இக்கடமை புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வருகிறது. பயிற்சிக்கு வந்த மூன்று பெண்கள் எண்பது நாள் தங்கும் ஒரே மாடி வீடு, ஒவ்வொரு சட்டத்தின் பார்வையிலும் வெவ்வேறு பொருளாகிறது.

இக்குழப்பத்தில் அதிகாரிகளின் ஒழுக்கக் கணிப்பு சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிடும் ஆபத்து உண்டு. 2019-இல் கோவையில் சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றுக்குச் சீல் வைக்கப்பட்டது. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கியது காரணங்களுள் ஒன்று. அவ்வாறு தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறி, அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை அகற்ற ஆணையிட்டது. கேட்க வேண்டிய பதிவைத் தெளிவாகக் கேட்காத நிர்வாகம், கேட்கக் கூடாததைக் கேட்டதற்கு இவ்வழக்கு சான்று.

பதிவைக் கட்டாயமாக்கினால் ஓரிரு அறை விடும் சிறு வீட்டுக்காரர் தாங்குவாரா என்பது நியாயமான மறுப்பு. ஆறு அறை வரை, உரிமையாளரும் அங்கேயே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கலும் காலை உணவும் திட்டம் ஏற்கெனவே ஓர் அளவைத் தருகிறது. அதே அளவில், 1939-ஆம் ஆண்டு வரையறையை அடிப்படையாக்கி உள்ளாட்சியில் ஒரே பதிவேடு வைக்கலாம். காவல், வரி, உணவுப் பாதுகாப்புத் துறைகள் அதிலிருந்தே விவரம் பெறலாம்.

சுகாதாரத்தை அளவுகோலாக்குவது பழமைவாதம் அல்ல. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அங்கேயே சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராகிறது. ஒரு குடும்பத்துக்கென வெட்டிய செப்டிக் டேங்க், வாரந்தோறும் மாறும் பத்துப் பேரின் கழிவைத் தாங்குமா என்பது இவ்வூரில் வீட்டுக்காரரோடு நின்றுவிடும் கேள்வி அல்ல. வந்தவர் யாரோடு வந்தார் என்று விசாரிக்கும் முன், அதைத்தான் பதிவேடு கேட்க வேண்டும்.